மையவாடியில் முழுக் கவரேஜ்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. ஒரு போன் கம்பனி கேட்டது, எழுதுகிறேன். கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். ஊரின் பெயரையும் சொல்லமாட்டேன். கல்முனைக்குடியிலிருந்து கடற்கரையோடு நடந்தால் கால் வலிப்பதற்கு முன் வந்துவிடும், அவ்வளவு போதும். (பெயரைப் போட்டால் பள்ளிவாசல் மரைக்காயர்மார் என் கடைக்கு விளக்கம் கேட்டு வருவார்கள். வந்தால் தேத்தண்ணி நான்தான் கொடுக்க வேண்டும்.)

சண்டை முடிந்து முதல் நோன்புப் பெருநாளும் கழிந்திருந்தது. இராணுவச் சென்றியில் மணல் மூட்டைகள் அப்படியேதான் கிடந்தன. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே கம்பனிகளின் விளம்பரப் பலகைகள் எழும்பிவிட்டன. அந்த நாட்களில் ஒரு நாள் என் போட்டோகொப்பிக் கடைக்கு சுபாஸ்கரன் வந்தார். பாண்டிருப்புப் பிள்ளை, கம்பனியின் கரையோரப் பொறுப்பாளர், உச்சி வெயிலிலும் கழுத்தில் டை. நான் பத்திரிகைகளில் கதை எழுதுகிறவன் என்று யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். வேகமான நெட்வேர்க் ஊருக்கு வந்துவிட்டது, அதனால் சனங்களுக்கு என்னென்ன பயன் என்று ஒரு கதை வேண்டும், துண்டுப்பிரசுரத்தில் போடுவோம் என்றார். அனுபவித்து எழுத வேண்டுமாம். முன்னுக்கும் பின்னுக்கும் கமெரா உள்ள போன் ஒன்றையும் இரவலாகத் தந்தார்.

"பயன் மட்டும் போதும் சேர்," என்றார் போகும்போது. "சோகம் வேணாம். சுனாமி, சண்டை ஒண்டும் வேணாம்."

சரி என்றேன். இந்த இரண்டும் இல்லாமல் எங்கள் ஊர்க் கதை எழுதுவது முட்டை இல்லாமல் வட்டிலப்பம் அவிப்பது மாதிரி. ஆனாலும் உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று:

"விடியற்காலை. நடுக்கடலில் றஸாக் வலையை இழுத்துக்கொண்டிருந்தான். இடுப்பில் போன் சிணுங்கியது. கல்முனைச் சந்தையில் சூரை மீனின் விலை இப்போது—"

இதை விட்டுவிட்டேன். எங்கள் கரையில் தோணி மணலில் முட்டுவதற்கு முன்பே வியாபாரிகள் முழங்கால் தண்ணீரில் நின்று விலை கத்துகிறார்கள். அதைவிட வேகமான நெட்வேர்க்கை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தவிர, றஸாக் மீன்பிடிக்கிறவன் இல்லை. அவன் சவூதியில், தம்மாமில் கட்டட வேலை செய்கிறான். அந்தப் பெயர் எப்படி என் பேனையில் வந்தது என்று யோசித்தேன். வந்த காரணத்தை ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

தொடக்கம் இரண்டு:

"இறக்காமத்தில் ஒரு விவசாயியின் வயலுக்குள் யானை புகுந்தது. உடனே அவர் தன் போனை எடுத்து—"

இது நடந்த கதை. என் கூட்டாளி ஒருவர்தான் அந்த விவசாயி. கம்பனி இறக்காமத்தில் சோதனைக்காகக் கவரேஜ் விட்ட நாளில், குடலைப் பருவத்து நெல் வேளாண்மைக்குள் யானை நின்றது. இவர் கொழும்பில் உள்ள மச்சானுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினார். மச்சான் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "ஓம் மச்சான், ஆனதான்" என்றார். பிறகு இரண்டு பேரும் யானையின் கொம்பைப் பற்றிக் கதைத்தார்கள். கதைத்து முடிய யானையும் சாப்பிட்டு முடித்துவிட்டது. இதைச் சொன்னபோது சுபாஸ்கரன் நெடுநேரம் யோசித்தார். யானை தானாகத் திரும்பிப் போனது என்று மாற்ற ஏலாதா சேர் என்று கேட்டார்.

தொடக்கம் மூன்று: "உயர்தர மாணவி கிருசாந்தி இணையத்தில் இரசாயனப் பாடம்—" வேண்டாம். அவளுடைய அப்பா எனக்கு வாடிக்கையாளர். அவள் இணையத்தில் என்ன பார்த்தாள் என்பது எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது.

3

ஆகவே பொய்த் தொடக்கங்களை விட்டுவிட்டு, டவர் வந்த கதையையே சொல்கிறேன்.

டவர் முன்பே இருந்தது. சாதாரணமாகக் கதைக்க எல்லா இடத்திலும் கவரேஜ் இருந்தது. வேகமான நெட்வேர்க்குக்குப் புதிய பெட்டி ஒன்றை மேலே பூட்ட வேண்டும், அதை ஒரு பக்கம் பார்த்துத்தான் பூட்டலாம், முதலில் ஒன்றுதான் தருவோம் என்று கம்பனி சொன்னது. எந்தப் பக்கம்?

அந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு கதை பரவிவிட்டது. அந்தப் பெட்டியிலிருந்து கதிர் வருமாம். கதிர் பட்டால் தேங்காய் குரும்பையிலேயே கொட்டுமாம், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கூடாதாம், மாப்பிள்ளைமாருக்கு முடி உதிருமாம். கடைசிச் சங்கதிதான் ஆண்களை எழுப்பியது. கடற்கரை றோட்டுக்காரர் தங்கள் பக்கம் வேண்டாம் என்றார்கள். சந்தைக்காரரும் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு தெருவும் ஒரு மகஜர் எழுதி என் கடையில் கொப்பி அடித்தது, எனக்கு நல்ல வியாபாரம்.*

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கூட்டம் போட்டார்கள். தலைவர் ஆதம்பாவா மரைக்காயர் எல்லாருடைய சத்தத்தையும் கேட்டு முடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"மையவாடிப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. மௌத்தாகி மண்ணுக்குள்ள கிடக்கிறவங்களுக்குக் கதிர் பட்டா என்ன, படாட்டி என்ன?"

எவ்வளவு நியாயமான கதை! ஒருவருக்கும் மறுப்பு இல்லை. கம்பனிக்காரர் ஏறி, பெட்டியைக் கடற்கரையோரத்து மையவாடியை, ஊரின் கபுறுகள் உள்ள அடக்கத்தலத்தைப் பார்த்துப் பூட்டிவிட்டு இறங்கினார்கள்.

* ('அலை' என்ற சொல்லை வைத்து இந்த இடத்தில் ஒரு சிலேடை விடலாம் என்று வாசகருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போதும் ஓடுகிற சனங்கள் மத்தியில் இருந்து எழுதுகிறேன், ஆகவே விடவில்லை.)

4

திறப்பு விழாவைச் சந்தையடியில் வைத்தார்கள். பலூன் கட்டியிருந்தது, பைலாப் பாட்டுப் போனது, பிள்ளைகளுக்கு ஐஸ்பழம். சுபாஸ்கரன் மேடையில் நின்று ஊரின் முதல் வீடியோ கோலை எடுத்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் மேடையிலிருந்து இறங்கி, போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி நடந்தார். சனங்கள் பின்னால் போனார்கள். பள்ளியைத் தாண்டி, மீனுக்கு ஐஸ் போடும் கொட்டிலான ஐஸ் வாடியைத் தாண்டி, கடற்கரை றோட்டால் திரும்பி நடந்தார். மையவாடி வாசலுக்குள் கால் வைத்ததும் வட்டம் நின்று, ஒரு மனிதன் தெரிந்தான்.

அது மரைக்காயரின் மருமகன், கட்டாரில் சாரதி வேலை. வெறும் பனியனோடு இருந்தவன், திரையில் மாமனாரையும் அவருக்குப் பின்னால் பெருங்கூட்டத்தையும் கபுறுகளையும் கண்டான். "இன்னாலில்லாஹி" என்று நெஞ்சில் கை வைத்தான். "மாமா, ஆரு மௌத்து?"

ஒருவரும் இல்லை, நெட்வேர்க் திறக்கிறோம் என்று விளங்கப்படுத்துவதற்குள் அவன் அழத் தொடங்கிவிட்டான். கம்பனியின் படப்பிடிப்பாளர் அதைப் படம் எடுத்தார். பிறகு அந்தப் படத்துக்குக் கீழே "ஆனந்தக் கண்ணீர்" என்று போட்டார்கள்.

5

அடுத்த நாளிலிருந்து மையவாடிக்குப் போகாத ஆண்பிள்ளை ஊரில் இல்லை. வாப்பாவின் கபுறு எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள் எல்லாம் அசருக்குப் பிறகு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, கபுறாளிகளுக்கு சலாம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தம்மாமுக்கும் தோஹாவுக்கும் சலாம் சொன்னார்கள். வாசலில் கச்சான் கடலை வண்டி ஒன்று வந்து நின்றது. ஊரில் மறுமைச் சிந்தனை கூடிவிட்டது என்று பள்ளி ஹஸ்ரத் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மெச்சினார், பாவம். அவருக்கு விசயம் தெரிய ஒரு கிழமை எடுத்தது.

பிறகு சட்டம் போட்டார்கள். கபுறுக்கு மேலே கால் வைக்கக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது. அடக்க ஜனாஸா வந்தால் கோலை வெட்ட வேண்டும். மறுபக்கத்தில் தெரிகிறவரும் சேட்டுப் போட்டு, தலையில் தொப்பி வைத்திருக்க வேண்டும். இவற்றைக் கவனிக்க ஆதம்பாவா மரைக்காயர் தானே வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். சட்டத்தை மீறிய முதல் ஆள் அவருடைய மருமகன். மறுபடியும் பனியன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. இதற்குச் சட்டம் போடத் தேவையில்லை, அது வழமை. ஆகவே வெளிநாட்டில் மாப்பிள்ளை உள்ள பெண்கள் மதிலுக்கு வெளியே வரிசையாக நின்று, போன் பிடித்த கையை மட்டும் மதிலுக்கு மேலே நீட்டினார்கள். கைகளுக்குக் கவரேஜ் கிடைத்தது, முகங்களுக்குக் கிடைக்கவில்லை. கட்டாரிலும் குவைத்திலும் உள்ள மாப்பிள்ளைமார் ஒரு மாதமாகத் தங்கள் மனைவிமாருக்குப் பதிலாகத் தென்னை மரங்களைப் பார்த்தார்கள்.

இதற்குள் ஊர் புத்தியை மாற்றிக்கொண்டது. கதிரால் ஒன்றும் ஆகாது, பெட்டியை எங்கள் பக்கம் திருப்புங்கள் என்று அதே தெருக்கள் மறுபடியும் மகஜர் எழுதி, மறுபடியும் என்னிடமே கொப்பி அடித்தன. சந்தைக்காரர் வென்றார்கள். திங்கட்கிழமை ஆட்கள் ஏறி, சந்தைப் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்று சுபாஸ்கரன் அறிவித்தார்.

6

இங்கேதான் சுல்பிகா வருகிறாள். இவளைக் கதைக்குள் விடுவதா என்று எனக்குச் சந்தேகம். சோகம் வேண்டாம் என்று சொல்லித்தானே போனைத் தந்தார்கள். தவிர, வாசகர்கள் நினைப்பார்கள், முடிவுக்கு ஒரு பெண் வேண்டும் என்பதற்காக இந்த ஆள் இவளை உருவாக்கிவிட்டான் என்று. நான் உருவாக்கியிருந்தால் கடைக்குள் வந்ததும் அழவைத்திருப்பேன். அவள் வந்து, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று கேட்டாள்.

என் பக்கத்து வளவுக்காரி, என்னை அண்ணன் முறையில் காக்கா என்பாள். தையல் வேலை. றஸாக்கின் மனைவி. (பேனையில் வந்த பெயருக்குக் காரணம் இதுதான்.) இவர்களுடைய ஒரே பிள்ளை ஷிப்னா, மூன்று வயது. கடல் வந்த அன்று பிள்ளை போய்விட்டாள். சுல்பிகா நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த நாள் றஸாக் தனியாகப் பிள்ளையைத் தூக்கிப் போய், அத்தனை சனத்தோடு சனமாக அடக்கினான். அன்று யாருக்கும் யாருடைய கபுறையும் பார்க்க நேரம் இல்லை, அடையாளம் வைக்கவும் ஒன்றும் இல்லை. இலந்தை மரத்தடியில் என்று அவளிடம் சொன்னான். சில மாதத்தில் சவூதிக்குப் போனவன், கபில் (அங்கத்து முதலாளி) விடாததால் இன்னும் வரவில்லை.

அந்த இலந்தை மரம் உப்புத் தண்ணீரில் பட்டுப்போனது. வேலி இருந்த இடத்தைத் தள்ளி வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மதில் கட்டியது. கட்டும்போது மணலையும் இழுத்து மட்டப்படுத்திவிட்டார்கள். றஸாக் எத்தனையோ தரம் போனில் சொல்லிப் பார்த்தான். மரம் என்றான், மரம் இல்லை. வேலி என்றான், வேலி இல்லை. சுல்பிகா தச்சனிடம் சொல்லி, கபுறின் தலைமாட்டில் நடுகிற மீசான் கட்டை ஒன்றைச் சிறிதாக அறுப்பித்து, கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். நட இடம் தெரியாமல் அது அங்கேயே நின்றது.

"காக்கா, அவர் கண்ணால கண்டாச் சொல்லுவாரு," என்றாள். "திங்கக்கிழம திருப்பிட்டா, பொறகு காட்ட ஏலா. ஒங்களுக்கு ரெண்டு கமெரா போன் இரிக்கி. நாளைக்குப் போவீங்களா?"

கம்பனி எழுதித் தந்த பயன்களில் இது இல்லை. வருகிறேன் என்றேன்.

7

ஞாயிற்றுக்கிழமை, அசருக்குப் பிறகு. மீசான் கட்டை என் தோளில். சுல்பிகா மதிலுக்கு வெளியே நின்றாள், அவளுடைய முக்காட்டின் நுனி மட்டும் மதிலுக்கு மேலே தெரிந்தது. மரைக்காயர் கட்டையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், காலை மடக்கி வழி விட்டார்.

தம்மாமில் அப்போது பகல் சாப்பாட்டு நேரம். றஸாக் மஞ்சள் ஹெல்மட்டோடு ஒரு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். சட்டத்துக்குப் பயந்து ஹெல்மட்டுக்குள் தொப்பியும் போட்டிருந்தான். எந்தக் கமெரா எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் நான் அவனுக்கு முதலில் என் மூக்கைக் காட்டினேன்.

"காக்கா, மூக்குத் தெரியிது."

மாற்றினேன். இடம் தெரிந்ததும் அவன், இலந்தை மரம் எங்கே என்றான். இல்லை என்றேன். பக்கத்தில் கோலில் நின்ற ஒருவர், மரம் நின்றது இந்த மூலை என்றார். இன்னொருவர், இல்லை, அந்த மூலை என்றார். அவருடைய போனுக்குள் இருந்த குவைத்காரன், அங்கே இலந்தையே நின்றதில்லை, அது நாவல் என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டான். இதைக் கேட்டுக் கட்டாரிலிருந்து மரைக்காயரின் மருமகன், நாவல் இல்லை, நான் அதில் ஏறி விழுந்திருக்கிறேன், இலந்தைதான், முள்ளுக் குத்திய தழும்பு இருக்கிறது என்று பனியனைத் தூக்கிக் காட்டினான். அபுதாபியில் ஒருவர் இரண்டு மரமும் நின்றன என்று சமாதானம் பேசினார். கொஞ்ச நேரம் வளைகுடா முழுக்க எங்கள் மையவாடியின் மரத்துக்காகச் சண்டை பிடித்தது. சொல்லக் கூடாது, எனக்குச் சிரிப்பு வந்தது. மதிலுக்கு வெளியே அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பது நினைவு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சத்தம் போடாதீங்க," என்றான் றஸாக். "என்னப் பாக்க உடுங்க."

எல்லாரும் அடங்கினார்கள். நான் மெதுவாகப் போனைத் திருப்பிக்கொண்டே போனேன். அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான். பிறகு, "காக்கா, குந்துங்க" என்றான்.

ஏன் என்றேன்.

"நான் அண்டைக்கு நிண்டு பாக்கல்ல. முழங்கால்ல நிண்டு கையாலதான் தோண்டின. அந்த உசரத்துல புடிங்க."

மணலில் முழங்காலில் நின்றேன். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். கால்முட்டு மணலில் சுட்டது. அந்த உயரத்தில் மதில், பள்ளி மினாரா, ஐஸ் வாடியின் கூரை எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தன. மெல்லத் திருப்பினேன். அவனுடைய மூச்சுச் சத்தம் போனில் கேட்டது.

"கூரைக்கி மேலால மினாரா..." என்றான். "ஓம். ஓம் காக்கா. இதுதான். கண்டுட்டன்." கை ஒன்று எழும்பி, விரல் நீண்டு, வாய் திறந்து, "அந்தா—"

8

அப்படியே நின்றுவிட்டது.

(இந்த இடத்தில் சுபாஸ்கரன் என் கையெழுத்துப் பிரதியில் சிவப்பால் கோடு போட்டிருக்கிறார். "எங்கட நெட்வேர்க் நிக்காது சேர்.")

நின்றது. அவருடைய நெட்வேர்க் நிற்கவில்லைதான், திரும்பியது. கம்பனி தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேலையைச் சொன்ன நாளுக்கு முன்பே செய்திருந்தது. டவரில் ஆட்கள் நிற்பதை நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சந்தைப் பக்கமிருந்து ஒரு பெரும் ஆரவாரம் கேட்டது. மையவாடியில் நின்ற எல்லாருடைய திரையிலும் வட்டம் சுற்றத் தொடங்கியது. கட்டாரும் குவைத்தும் அறுந்தன. ஆண்கள் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு சந்தைக்கு ஓடினார்கள். கச்சான் வண்டியும் போனது.

என் கையில் றஸாக் மட்டும் மிஞ்சினான். வாய் திறந்தபடி, விரலை நீட்டியபடி. விரல் எங்கே காட்டுகிறது என்று பார்த்தேன். நான் கடலைப் பார்த்துத் திரும்பினால் விரல் கடல் பக்கத்து மணலைக் காட்டியது. மதிலைப் பார்த்துத் திரும்பினால் மதிலோரத்தைக் காட்டியது. நான் சுற்றச் சுற்ற அவனும் சுற்றினான்.

என் சொந்தப் போனில் சாதாரண கோல் எடுத்தேன். அதற்குக் கவரேஜ் குறைவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான், ஆனால் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"காட்டிட்டேனே காக்கா. கண்டீங்கதானே?"

எந்தப் பக்கம் என்று இன்னொரு தடவை சொல் என்றேன். அந்தா அந்தப் பக்கம்தான் என்றான். தம்மாமில் அவன் கை மறுபடியும் நீண்டிருக்க வேண்டும். வேலை மேற்பார்க்கிற போமன் கூப்பிடுகிறான், சுல்பிகாவிடம் சொல்லுங்கள் என்றான், வைத்துவிட்டான். பிறகு எடுத்தபோது போன் நிறுத்தியிருந்தது.

மதிலுக்கு வெளியே இருந்து அவள் கேட்டாள், அவர் கண்டுவிட்டாரா என்று.

"ஓம், கண்டுட்டாரு," என்றேன். அதில் பொய் இல்லை.

அப்போதுதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. (எந்த வரைவிலும் நான் இதை எழுதியிருக்கமாட்டேன், மரைக்காயரை நான் அப்படிப்பட்ட ஆளாக நினைக்கவில்லை.) ஆதம்பாவா மரைக்காயர் எழும்பினார். கதிரையைத் தூக்கி, மையவாடிக்கு முதுகைக் காட்டி, றோட்டைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குக் கழுத்துப் புடிச்சிருக்கி மகள்," என்றார் றோட்டைப் பார்த்தபடி. "பின்னால திரும்ப ஏலா."

சுல்பிகா செருப்பைக் கழற்றினாள்.

9

முடிவு, கம்பனிக்கு: படம் நிற்கவில்லை. விரல் சரியான இடத்தைக் காட்டியது. மீசான் கட்டை நடப்பட்டது. வேகமே வாழ்வு. சுபாஸ்கரனுக்கு இது பிடித்துவிட்டது. மையவாடியை மட்டும் ஒரு பூங்காவாக மாற்ற ஏலுமா சேர் என்று கேட்டிருக்கிறார்.

முடிவு இரண்டு: சுல்பிகா வருகிறாள். நான் உண்மையைச் சொல்கிறேன். அவள் கட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், கதவுக்குப் பின்னால்— எழுத ஏலவில்லை. இரண்டு தடவை முயன்றேன்.

முடிவு மூன்று: நான் ஒரு இடத்தைக் காட்டுகிறேன். கதை எழுதுகிறவனுக்கு அது பெரிய வேலையா? இல்லாத மனிதருக்கெல்லாம் இடம் காட்டியிருக்கிறேன். அவள் நட்டுவிட்டு, கை உயர்த்தி துஆக் கேட்கிறாள். ஒரு நாள் றஸாக் ஊருக்கு வருகிறான், அந்த இடத்தில் நிற்கிறான், முழங்காலில் குந்துகிறான், கூரையையும் மினாராவையும் பார்க்கிறான், பிறகு என்னைப் பார்க்கிறான். அந்தப் பார்வைக்கு அடுத்த வசனம் என்னிடம் இல்லை.

ஆகவே இந்தக் கதையை இதற்கு மேல் நான் பிடித்துக்கொள்ளப்போவதில்லை. இவ்வளவு நேரமும் வாசித்தீர்கள், எல்லாம் உங்களுக்கும் தெரியும். இந்தாருங்கள் போன். பின்பக்கம் சூடாக இருக்கும், பயப்படாதீர்கள். விரல் நீட்டியபடியேதான் நிற்கிறான். இந்தாருங்கள் மீசான் கட்டை, சிறியதுதான், ஆனாலும் இரண்டு கையாலும் பிடியுங்கள்.

இப்போது நீங்கள் முழங்காலில் நிற்கிறீர்கள். வாசலில் மரைக்காயர் றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே வந்து பழக்கமில்லாத ஒருத்தி, எங்கே கால் வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்று தெரியாமல், ஒவ்வொரு அடியாக மணலைப் பார்த்துப் பார்த்து உங்களிடம் வருகிறாள். வந்துவிட்டாள். கேட்கிறாள்.

"எவ்விடத்த, காக்கா?"